நிர்வாகம் பொறுப்பல்ல

நம் நாட்டில் மிகுதியாக எழுதப்பட்ட வாக்கியம் எது என்று யாரேனும் போட்டி வைத்தால், "உங்கள் உடைமைகளுக்கு நிர்வாகம் பொறுப்பல்ல" என்பதற்கே முதற்பரிசு கிடைக்கும் என்று எண்ணுகிறேன். சைக்கிள் நிறுத்துமிடத்தில் அது தொங்குகிறது. சலவைக் கடை ரசீதின் பின்புறத்தில் பொடி எழுத்தில் ஒளிந்திருக்கிறது. கல்யாண மண்டபத்தில் மணமக்கள் படத்துக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. ஊரில் அதைத் தமிழில் படித்தேன்; தில்லிக்கு வந்தபின் இந்தியில் எழுத்துக் கூட்டிப் படித்தேன். மொழி மாறிற்றே ஒழிய, கைவிரிப்பு மாறவில்லை.

சென்ற ஆண்டு ஆகஸ்டு மாதம் வரை நான் அந்த வாக்கியத்தை நம்பினேன். பலகையில் எழுதியிருந்தால் அது சட்டமாகத்தான் இருக்கும் என்பது என் எண்ணம். அந்த நம்பிக்கையால் இழப்பு அடைந்தவன் நான் மட்டுமாக இருந்தால் இக்கட்டுரையை எழுதியிருக்க மாட்டேன். வேறொருவனும் அடைந்தான். அவனுக்காகவும், இனி நம் பல்கலைக் கழகத்துக்குப் புதிதாக வரப்போகும் தமிழ் மாணவர்களுக்காகவும் எழுதுகிறேன்.

எங்கள் ஊர் கோவில்பட்டி. என் தந்தையார் தீப்பெட்டித் தொழிற்சாலை ஒன்றில் கணக்கு எழுதுகிறவர். கைக்கு வந்ததையும் கையை விட்டுப் போனதையும் அன்றன்றே எழுதி வைக்காமல் அவர் உறங்கியதில்லை. எனக்கு இங்கே முதுகலை இயற்பியலில் இடம் கிடைத்ததும் அவரும் உடன் வந்தார். தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் இரண்டு இரவுகளைக் கழித்துவிட்டுப் புது தில்லியில் இறங்கினோம். மாணவர் விடுதியில் இடம் கிடைக்கும்வரை தங்குவதற்கு, நிலையத்துக்கு எதிரே பஹார்கஞ்ச் சந்து ஒன்றில் நாளொன்றுக்குத் தொள்ளாயிரம் ரூபாய் வாடகையில் ஓர் அறை பிடித்தோம். ஆதார் அட்டையைப் படியெடுத்துக்கொண்டார்கள்; பெரிய பேரேட்டில் கையெழுத்து வாங்கினார்கள். மானேஜரின் தலைக்கு மேல் நான் சொன்ன அந்தப் பலகை தொங்கியது. அதற்குப் பக்கத்தில் அறைச் சாவிகள் ஆணியில் வரிசையாகத் தொங்கின. வெளியே போகும்போது சாவியைக் கொடுத்துவிட்டுத்தான் போக வேண்டும் என்பது அந்த லாட்ஜின் கட்டளை.

முதல் நாள் பல்கலைக் கழகத்தில் சான்றிதழ்களைச் சரிபார்த்துத் திருப்பித் தந்தார்கள். மறுநாள் விடுதிக் காப்பாளரைப் பார்க்க வேண்டியிருந்தது. மெட்ரோ இரயிலின் கூட்டத்துக்கு அப்பா அஞ்சினார். அன்றைய செலவுக்கு மட்டும் பணத்தை எடுத்துக்கொண்டு, மற்றவற்றை ரெக்சின் பையில் வைத்துப் பூட்டினார். இருபத்தெட்டாயிரம் ரூபாய், பழைய விலைக்கு வாங்கிய மடிக்கணினி ஒன்று, பத்தாம் வகுப்பு முதல் இளங்கலை வரையிலான என் சான்றிதழ்கள் எல்லாம் அதற்குள் இருந்தன. பையை அறையில் வைத்துவிட்டுப் போகலாமா என்று மானேஜரிடம் சைகையில் கேட்டோம். போய் வாருங்கள், பயமில்லை என்பதுபோல் அவரும் கையை அசைத்தார். சாவியை வாங்கி ஆணியில் மாட்டினார்.

மாலை ஆறு மணிக்குத் திரும்பினோம். சாவி அதே ஆணியில் இருந்தது. அறைப் பூட்டில் ஒரு கீறலும் இல்லை. உள்ளே கட்டில் இருந்தது, கட்டிலின்மேல் அப்பாவின் துண்டு இருந்தது, பை இல்லை.

படியில் ஓடி இறங்கி மானேஜரிடம் முறையிட்டேன். எனக்கு இந்தி தெரியாது. பதற்றத்தில் ஆங்கிலமும் போய்விட்டது. அவர் நான் சொன்னதையெல்லாம் கேட்டார். பிறகு திரும்பிப் பாராமலே கட்டை விரலால் தம் தலைக்கு மேலிருந்த பலகையைக் காட்டினார். அதோடு அவர் வேலை முடிந்தது. வாயிலில் பொருத்தியிருந்த கண்காணிப்புக் காமிராவைக் காட்டினேன். அது பழுதாகிப் பல நாட்கள் ஆயினவாம்.

அப்போது மாடிப்படியின் கீழே ஒரு பையன் துடைப்பத்துடன் நின்றுகொண்டிருந்தான். பதினெட்டு, பத்தொன்பது வயது இருக்கலாம். காலையில் எங்களுக்குத் தேநீர் கொண்டுவந்தவன் அவன்தான். அவன் கையில் சாவிக் கொத்து இருந்ததை நான் பார்த்திருந்தேன். அறையைப் பெருக்குகிறவனிடம் சாவி இருப்பதில் என்ன வியப்பு? ஆனால் அந்த நேரத்தில் எனக்கு அது தோன்றவில்லை. நான் அவனைச் சுட்டிக் காட்டினேன்.

நண்பர்களே, எனக்கு இந்தி தெரியாது என்று சொன்னேன். ஆனால் நீட்டிய விரலை மொழிபெயர்க்க யாரும் தேவைப்படவில்லை. மானேஜர் எழுந்துபோய் அவன் கன்னத்தில் அறைந்தார். மற்றொருவர் படிக்கட்டின் அடியிலிருந்து அவனுடைய தகரப் பெட்டியை இழுத்து வந்து எங்கள் முன்னால் கவிழ்த்தார். இரண்டு சட்டைகள், ஒரு சீப்பு, ஒரு கைப்பேசி மின்னேற்றி, கண்ணாடித் தாள் உறையில் பத்திரமாக வைத்த ஒரு காகிதம் ஆகியவை விழுந்தன. அந்தக் காகிதம் எதிர்ப்பக்கமாகக் கவிழாமல் என் காலடியில் விழுந்ததால் படிக்க முடிந்தது. அது பீகார் மாநிலத்துப் பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழ். நான் தொலைத்த சான்றிதழ்களும் அதே போன்ற உறையில்தான் இருந்தன.

எங்கள் பொருள் ஒன்றும் அதில் இல்லை. பையன் அழவில்லை. காகிதத்தை எடுத்துத் துடைத்து உறையைச் சரிசெய்தான், அவ்வளவுதான்.

ஊரில் ஒருவர் தந்திருந்த எண்ணுக்கு அழைத்து, நம் சங்கத்து அண்ணன் ஒருவரைத் தொலைபேசியில் பிடித்தேன். கைப்பேசியை மேசையில் வைத்தோம். அவர் இரு தரப்புக்கும் இடையே மொழிபெயர்த்தார். போலீஸ் என்ற சொல் வந்ததும் மானேஜரின் குரல் இறங்கிற்று. ஐயாயிரம் ரூபாய் தருவதாகவும் அதோடு விஷயத்தை முடித்துக்கொள்ளலாம் என்றும் சொன்னார். நான் தலையசைத்துவிட்டேன். ஐயாயிரமாவது கிடைக்கிறதே என்றுதான் என் மனம் நினைத்தது.

அப்பா மட்டும் ஒரு கேள்வி கேட்டார். "தம்பி, போர்டுல பொறுப்பு இல்லன்னு எழுதியிருக்கு. பொறுப்பு இல்லாதவரு எதுக்கு ரூவா தாராரு? அது யாரு ரூவான்னு கேளுங்க."

அண்ணன் கேட்டார். பையனுடைய சம்பளத்தில் மாதாமாதம் பிடித்துக்கொள்வார்களாம்.

"அப்ப வேண்டாம்" என்றார் அப்பா. பிறகு என் பக்கம் திரும்பி, "ஏய்யா, நீ கண்ணால பாத்தியா?" என்று கேட்டார். நான் பதில் சொல்லவில்லை.

அன்றிரவு காவல் நிலையத்தில், திருட்டு என்று எழுதாமல் பொருள் தொலைந்ததாக எழுதிக் கொடுக்கும்படி சொன்னார்கள். மறுநாள் அந்த அண்ணன் நேரில் வந்து வாதாடிய பிறகுதான் முதல் தகவல் அறிக்கை பதிவாயிற்று. அந்தக் காகிதம் கைக்கு வந்திராவிட்டால் மதிப்பெண் சான்றிதழ்களின் மறுபடிகளுக்கு நான் இன்னும் அலைந்துகொண்டிருப்பேன். எல்லாம் வந்து சேர நான்கு மாதங்கள் ஆயின. அப்பா தொழிற்சாலையில் முன்பணம் வாங்கி என் விடுதிக் கட்டணத்தைக் கட்டினார்.

அறையைக் காலி செய்யப் போனபோது வேறொரு பையன் படியைப் பெருக்கிக்கொண்டிருந்தான். பழையவன் எங்கே என்று அண்ணனை விட்டுக் கேட்கச் சொன்னேன். முந்தின இரவே அனுப்பிவிட்டார்களாம். எங்கே போனான் என்று யாருக்கும் தெரியவில்லை. பையை எடுத்தது யார் என்று இன்றுவரை தெரியவில்லை. அவன் எடுக்கவில்லை என்று என்னால் மெய்ப்பிக்க முடியாது. ஆனால் எடுத்தான் என்பதற்கு என்னிடம் ஒரு சான்றும் இருந்ததில்லை.

சிலப்பதிகாரத்தை நாம் எல்லோரும் பள்ளியில் படித்திருக்கிறோம். அயலூரிலிருந்து பிழைக்க வந்த ஒருவன்மேல் களவுப் பழி விழுகிறது. தீர ஆராயாமல் தண்டனை முடிந்துவிடுகிறது. அதைப் படித்தபோதெல்லாம் நான் கோவலனுக்காக இரங்கியவன், பாண்டியனைக் கடிந்தவன். தில்லியில் அயலான் என்று என்னை நானே எண்ணிக்கொண்டிருந்தேன். அந்த லாட்ஜில் என்னைவிட அயலானாக ஒருவன் இருந்தான் என்பதும், அவன் முன்னே நான் பாண்டியனாக நின்றேன் என்பதும் பல நாள் கழித்தே எனக்கு விளங்கின.

அதே காப்பியத்தில் புகார் நகரத்தில் வெள்ளிடை மன்றம் என்று ஓரிடம் வருகிறது. வெளியூரிலிருந்து வந்தவர்கள் தங்கள் பெயரும் அளவும் பொறித்த பொதிகளை அங்கே வைத்துவிட்டுப் போவார்களாம். கதவும் இல்லை, தாழும் இல்லை, உடையவரின் காவலும் இல்லை. எவனாவது திருடினால், பொதியை அவன் தலையில் ஏற்றி அந்த மன்றமே அவனைச் சுற்றவைக்குமாம். கற்பனை கலந்த செய்திதான். ஆயினும் அதில் ஒரு கருத்து இருக்கிறது. வந்தவனுடைய பொருளுக்கு ஊர் பொறுப்பு ஏற்றுக்கொண்டது. வந்தவனைப் பார்த்து, "நீயே பார்த்துக்கொள்" என்று சொல்லவில்லை.

இக்காலச் சட்டம் என்ன சொல்கிறது என்று அறிய விரும்பி, சட்டம் படிக்கும் நம் சங்கத்துத் தோழி ஒருவரை அணுகினேன். அவர் காட்டிய வழியில் படித்தவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன்.

இங்கிலாந்தில் 1584 ஆம் ஆண்டிலேயே இது வழக்கு மன்றத்துக்கு வந்திருக்கிறது. சத்திரத்துக்குள் விருந்தினரின் பொருள் களவு போனால் சத்திரக்காரர் பொறுப்பு என்றும், விருந்தினரே கேட்டுக்கொண்டு தம் குதிரையை மேய்ச்சலுக்கு அனுப்பி அது அங்கே களவு போனால் அவர் பொறுப்பல்ல என்றும் அப்போது சொன்னார்கள். வழிப்போக்கனுக்கு அந்த ஊரில் யாரையும் தெரியாது. கள்வரோடு சத்திரக்காரர் கூட்டுச் சேர்ந்தால் அவனால் அதை மெய்ப்பிக்கவும் முடியாது. இத்தகைய கடுமைக்கு அதுவே காரணம். பிறகு 1863 இல் அங்கே ஒரு சட்டம் வந்து அந்தப் பொறுப்புக்கு முப்பது பவுன் என்று வரம்பு கட்டியது. ஆனால் சத்திரக்காரரோ அவர் வேலையாளோ கவனக்குறைவாக இருந்திருந்தால் வரம்பு கிடையாது. வரம்பு வேண்டுமென்றால் அச்சட்டப் பிரிவைப் பலகையில் எழுதி விருந்தினர் கண்ணில் படும்படி மாட்ட வேண்டும். அங்கே பலகை "இவ்வளவுக்குப் பொறுப்பு" என்று அறிவிப்பதற்காக மாட்டப்பட்டது. நம் ஊர்ப் பலகையோ "ஒன்றுக்கும் பொறுப்பல்ல" என்கிறது.

நம் நாட்டில் 1867 ஆம் ஆண்டில் சராய்ச் சட்டம் ஒன்று இயற்றப்பட்டது. அதில் நான் மிகவும் சுவைத்த பகுதி ஒன்று உண்டு. திருடர் ஏறி வரவோ இறங்கி ஓடவோ உதவக்கூடிய மரங்களையும் கிளைகளையும் சத்திரக்காரர் வெட்டிவிட வேண்டும். மதிலையும் வாயிலையும் பழுது பார்க்க வேண்டும். தங்குவோரின் காவலுக்கு வேண்டிய காவலாட்களை வைக்க வேண்டும். கிளையைக்கூட விட்டுவைக்காத அந்தச் சட்டம், ஆணியில் தொங்கும் சாவியைப் பார்த்தால் என்ன சொல்லியிருக்கும்!

எல்லாவற்றினும் எனக்குப் பயன்பட்டது நம் உச்ச நீதிமன்றம் 2019 நவம்பர் 14 ஆம் நாள் அளித்த தீர்ப்பு. வழக்கின் பெயர் தாஜ் மகால் ஓட்டல் எதிர் யுனைடெட் இந்தியா இன்ஷூரன்ஸ் கம்பெனி. 1998 ஆகஸ்டு முதல் நாள் இரவு, தில்லியிலுள்ள அந்த ஓட்டலுக்கு வந்த ஒருவர் தம் மாருதி காரையும் சாவியையும் ஓட்டல் ஊழியரிடம் ஒப்படைத்தார். திரும்பி வந்தபோது வேறொருவன் காரை ஓட்டிக்கொண்டு போய்விட்டிருந்தான். சாவி, மேசையிலிருந்து எடுக்கப்பட்டது! அவருக்குக் கொடுத்த சீட்டில், உடையவரின் சொந்தப் பொறுப்பிலேயே கார் நிறுத்தப்படுகிறது என்று அச்சிட்டிருந்தார்கள். காப்பீட்டுக் கம்பெனி அவருக்கு 2,80,000 ரூபாயைக் கொடுத்துவிட்டு, ஓட்டல் அதை ஈடுசெய்ய வேண்டும் என்று வழக்காடியது.

நீதிமன்றம் பழைய ஆங்கில விதியை அப்படியே ஏற்கவில்லை. ஓட்டல்காரர் எல்லாக் களவுக்கும் கண்ணை மூடிக்கொண்டு பொறுப்பேற்க வேண்டும் என்று சொல்லவில்லை. பொருளை அவர் வசம் ஒப்படைத்தபின் அது காணாமற் போனால், தாம் உரிய கவனம் எடுத்துக்கொண்டதை மெய்ப்பிக்க வேண்டியவர் அவரே என்று சொன்னது. தம் கவனக்குறைவுக்கும் தம் ஊழியரின் கவனக்குறைவுக்கும் உரிய பொறுப்பை ஒரு சீட்டின் வாசகத்தால் உதறிவிட முடியாது என்றும் சொன்னது. 1872 ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 151 ஆம் பிரிவு இதற்கு அடிப்படை. பிறர் பொருளை வைத்திருப்பவர், அறிவுள்ள ஒருவர் அதே போன்ற தம் சொந்தப் பொருளுக்கு எவ்வளவு கவனம் காட்டுவாரோ அவ்வளவு கவனம் காட்ட வேண்டும் என்பது அதன் கருத்து.

எங்கள் நிலை அதைவிடச் சற்றுச் சிக்கலானது என்பதை மறைக்கக் கூடாது. கார் ஒப்படைக்கப்பட்டது, எங்கள் பை அறையில் கிடந்தது. மானேஜர் கையில் நாங்கள் கொடுத்தது சாவியை மட்டுமே. பையில் பணம் இருந்தது என்பதற்கு என்ன சான்று என்று கேட்பார்கள். ஆனால் சாவியைக் கட்டாயமாக வாங்கிக்கொண்டு, யாரும் எடுக்கும்படி ஆணியில் மாட்டியது கவனக்குறைவு அன்றி வேறென்ன? அதை வாதாடலாம் என்றார் தோழி.

மற்றொன்றும் சொன்னார். ஒரு பொருள் காணாமற் போனதற்காக ஊழியனின் கூலியில் பிடித்தம் செய்வதென்றால், அப்பொருள் அவனிடம் வெளிப்படையாக ஒப்படைக்கப்பட்டிருக்க வேண்டும். அவனுடைய அசட்டையே நேர்க்காரணமாக இருக்க வேண்டும். அவன் விளக்கத்தையும் கேட்க வேண்டும். இதைக் கேட்டதும் நான் தலை குனிந்தேன். சட்டம் பொறுப்பை ஓட்டலின்மேல் வைக்கிறது. ஓட்டல் பலகையைக் காட்டி அதைக் கீழே தள்ளுகிறது. தள்ளிய பொறுப்பு காற்றில் கரைந்துவிடுவதில்லை. படிக்கட்டின் அடியில் தகரப் பெட்டியோடு படுத்திருப்பவன் தலையில் விழுகிறது. என் உரிமை எனக்குத் தெரிந்திருந்தால் மானேஜரைக் கேள்வி கேட்டிருப்பேன். தெரியாததால் பையனைச் சுட்டிக் காட்டினேன்.

இவ்வாண்டு தொடக்கத்தில் நாங்கள் தூத்துக்குடி மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் முறையீடு கொடுத்திருக்கிறோம். களவு நடந்தது தில்லியில். முறையீடு தூத்துக்குடியிலா என்று நீங்கள் கேட்கலாம். 2019 ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, முறையிடுபவர் தாம் வாழும் ஊரிலேயே முறையிடலாம். இரண்டு ஆண்டுகளுக்குள் கொடுக்க வேண்டும். கொடுத்த விலை ஐந்து இலட்சம் ரூபாய்க்கு மேற்படாத வழக்குகளுக்குக் கட்டணம் இல்லை. வக்கீல் வைத்துத்தான் ஆக வேண்டும் என்பதும் இல்லை. அப்பாவின் நோட்டுப் புத்தகம் இப்போது வழக்கின் ஆவணம். பையில் வைத்த ஒவ்வொரு பொருளும் தேதியோடு அதில் இருக்கிறது.

முறையீட்டை நான்தான் எழுதினேன். அப்பா படித்துவிட்டு, கடைசியில் ஒரு வரியைச் சேர்க்கச் சொன்னார். லாட்ஜின் ஊழியர் எவர்மீதும் எங்களுக்குக் குற்றச்சாட்டு இல்லை என்பது அந்த வரி. வழக்குக்கு அது தேவையில்லை என்றேன். "வழக்குக்கு இல்லய்யா, கணக்குக்கு" என்றார்.

புதிதாக வரும் தம்பி தங்கையர்க்கு நான் சொல்ல விரும்புவன சில. மூலச் சான்றிதழ்களை எங்கு சென்றாலும் உடன் கொண்டு செல்லுங்கள். படிகளை வேறிடத்தில் வையுங்கள். மதிப்புள்ள பொருளை லாட்ஜில் விட வேண்டியிருந்தால் மேசையில் ஒப்படைத்து, ஒரு துண்டுச் சீட்டிலாவது எழுதி வாங்குங்கள். தர மறுத்தால் அங்கே விடாதீர்கள். பையில் என்ன இருக்கிறது என்று ஒரு படம் எடுத்து வையுங்கள். களவு போனால் "தொலைந்தது" என்று எழுதிக் கொடுக்க இசையாதீர்கள். பலகையைக் கண்டு திரும்பிவிடாதீர்கள். நள்ளிரவானாலும் நம் சங்கத்து எண்ணுக்கு அழையுங்கள். உங்களுக்காக இந்தி பேச இப்போது நானும் வருவேன். ஓராண்டில் அவ்வளவு கற்றுக்கொண்டேன்.

அந்தச் சந்துக்கு மூன்று முறை போய் வந்தேன். தேநீர்க் கடைகளிலும் மற்ற லாட்ஜுகளிலும் விசாரித்தேன். பெயர் என்ன என்று கேட்கிறார்கள். தேநீர் கொண்டுவந்தவனிடம் நான் பெயர் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை. இப்போது அவனைக் கண்டால் சொல்லவேண்டிய இந்தி வாக்கியத்தைத் தயாராக வைத்திருக்கிறேன். அடுத்த விடுமுறை நாளிலும் போய்ப் பார்க்க வேண்டும்.